கணினி கேள்வி பதில்: ஃபார்மட் போடச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

தீபாவளி முடிந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை, கருப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நிற்கிறது. அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருக்கிறோம். தீபாவளிக்குப் பத்து நாள் லீவு விட்டு, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு ஊருக்குப் போய் வந்தோம். வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. சர்வீஸ் பார்க்கிற தம்பி, பார்ட்டிஷன் போய்விட்டது, ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன் என்கிறார். நாலு வருஷ டேலி கணக்கு அதில்தான் இருக்குதுங்க. என்ன செய்யட்டும்?

முதலில் அந்தத் தம்பிக்கு போன் போட்டு ஃபார்மட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிகொடுத்த விஷயம் மெயின் சுவிட்ச்தான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். பிளக்கில் கரண்ட் இருக்கிற வரை அதற்கு வேலை குறைவு, பத்து நாள் சுத்தமாக கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸில் (போர்டிலேயே இருக்கும், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் நிரல்) நீங்கள் வைத்திருந்த செட்டிங்கையும் அது ஒன்றுதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு வருஷப் பேட்டரி என்றால் தாங்காது. அது கைவிட்டதும் பல போர்டுகளில் பயாஸ் தன் பழைய, கம்பெனி வைத்த செட்டிங்குக்கே திரும்பிவிடும்.

அதனால் கம்ப்யூட்டரைப் போட்ட உடனே டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய் இரண்டே இரண்டு விஷயத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, ஸ்டோரேஜ் பட்டியலில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் டிஸ்க்குக்கு உயிர் இருக்கிறது, பாதிக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். தெரியாவிட்டால் கரண்டை நிறுத்திவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள், முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். திருப்பூர், சோமனூர் பக்கத்து கேபினெட்டைத் திறந்தால் உள்ளே பஞ்சு மெத்தை போல அடைந்து கிடக்கும், அதை மெதுவாக பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். யாராவது பென் டிரைவைப் பின்பக்கம் செருகியபடி விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அதிலிருந்து பூட் செய்யப் போய் நின்றுவிட்ட கம்ப்யூட்டர்களும் நிறைய.

இப்போது இந்தப் பார்ட்டிஷன் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் நீங்கள் பதற மாட்டீர்கள். அண்ணன் தம்பி நாலு பேர் ஒரு தோட்டத்தைப் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பத்திரம் கரையான் அரித்துப் போனால் தோட்டம் போய்விடுமா? தென்னை, கிணறு, வரப்பு எல்லாம் அங்கேயேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பத்திரத்தின் பெயர்தான் பார்ட்டிஷன் டேபிள். பழைய முறையான எம்பிஆரில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் எல்லாம் அடக்கம்: 446 பைட் பூட் செய்கிற சின்ன நிரல், 64 பைட் டேபிள், கடைசி 2 பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது, 2 டிபிக்கு மேல் அளக்கவும் முடியாது. 1983இல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்த காலத்து ஏற்பாடு அது, அன்றைக்கு அதுவே தாராளம். புதிய முறையான ஜிபிடியில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை இடம் ஒதுக்குகிறது, பத்திரத்தின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைக்கோடியிலும் வைத்துக்கொள்கிறது.

எம்பிஆர் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை லெகசி என்ற பழைய முறையில்தான் பூட் செய்ய வேண்டும், ஜிபிடி டிஸ்க்கில் இருப்பதை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில்தான் பூட் செய்ய வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் யாரோ முன்பு லெகசி வைத்து விண்டோஸ் ஏற்றியிருப்பார்கள், பேட்டரி போனதும் போர்டு யூஇஎஃப்ஐக்குத் திரும்பியிருக்கும், அதன் கண்ணுக்கு உங்கள் டிஸ்க்கில் பூட் செய்ய எதுவும் தெரியாது. பார்ட்டிஷன் போய்விட்டது என்று தம்பி சொன்னது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். புதுப் பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, பூட் மோடை லெகசி அல்லது சிஎஸ்எம் (சில போர்டுகளில் லெகசிக்கு இந்தப் பெயர்) என்று மாற்றிப் பாருங்கள். அதில் வராவிட்டால் யூஇஎஃப்ஐக்கே திருப்பி வையுங்கள். விண்டோஸ் லோகோ வந்து நீலத் திரையில் 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றால் சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, மாறியிருக்கிறது, ஏஹெச்சிஐ, ரெய்டு இரண்டில் இப்போது எது இருக்கிறதோ அதை விட்டு மற்றதை வையுங்கள். இந்த மாற்றம் எதுவும் டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட எழுதுவதில்லை, அதனால் தைரியமாகச் செய்யலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றும் முன் அந்தத் திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகி டேலி டேட்டா ஃபோல்டரை முதலில் காப்பி எடுங்கள். செருகியதும் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா', 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டால் இரண்டுக்கும் கேன்சல்தான். காப்பி கைக்கு வந்தபிறகு தம்பி தாராளமாக ஃபார்மட் போடட்டும்.

நாமக்கல்லிலிருந்து: கோழிப்பண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கோடு புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டு அதில் விண்டோஸ் 11 ஏற்றினோம். நன்றாக ஓடுகிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால், அதைக் கழற்றியதும் பூட் ஆக மாட்டேன் என்கிறது. விண்டோஸ் எஸ்எஸ்டியில்தானே இருக்கிறது?

விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, அதை எழுப்பிவிடுகிற ஆள் பழைய டிஸ்க்கில் இருக்கிறார். ஜிபிடி டிஸ்க்கில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 ஃபார்மட்டில் ஒன்று இருக்கும், பூட் கோப்புகள் அதற்குள்தான். விண்டோஸ் ஏற்றும்போது இரண்டு டிஸ்க்கும் செருகியிருந்தால் ஏற்கெனவே பழைய டிஸ்க்கில் இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனையே செட்டப் பயன்படுத்திக்கொள்ளும், எஸ்எஸ்டியில் புதிதாகப் போடாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து எந்த டிஸ்க்கின் வரிசையில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டு டிஸ்க்கும் செருகியிருக்கும்போதே இதைச் சரிசெய்ய வேண்டும். சி டிரைவை ஒரு 300 எம்பி சுருக்கி, டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் யூஇஎஃப்ஐ என்பதையும் சொன்னால் பூட் கோப்புகளை அது அங்கே எழுதிவிடும். டிஸ்க்பார்ட்டில் எந்த டிஸ்க் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை அளவைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்யுங்கள் (கீழே கரூர் கடிதத்தைப் படியுங்கள்). அப்புறம் பழையதைக் கழற்றி, பூட் ஆகிறதா என்று நாலைந்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டே வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடுத்த முறை விண்டோஸ் ஏற்றும்போது மற்ற டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஏற்றினால் இந்த வேலையே வராது.

கோபியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் போட்டிருந்தேன். இடம் பத்தவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தே உபுண்டு பார்ட்டிஷனை டெலிட் செய்தேன். இப்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வருகிறது. பிராஜெக்ட் எல்லாம் போயிருச்சா அண்ணா?

பயப்பட வேண்டாம் அம்மணி, பிராஜெக்ட் விண்டோஸ் பக்கம் இருந்தால் பத்திரமாக இருக்கிறது. கிரப் என்பது உபுண்டுவை எழுப்பிவிடுகிற நிரல். அதன் முதல் பாதி இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும், மீதிப் பாதி நீங்கள் அழித்த உபுண்டு பார்ட்டிஷனில் இருந்தது. முதல் பாதி எழுந்து வந்து மீதியைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பை ஆன் செய்த கையோடு எஃப்12 தட்டினால் (சில கம்பெனியில் எஃப்9, சிலதில் எஸ்கேப்) பூட் மெனு வரும், அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் வந்துவிடும். பிறகு பயாஸில் பூட் வரிசையில் அதையே முதலில் வைத்துவிட்டால் தினமும் எஃப்12 தட்ட வேண்டியதில்லை. பழைய எம்பிஆர் லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேருக்குள் கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் சேர்த்துக் கொடுங்கள். அது பூட் நிரலை மட்டும்தான் மாற்றி எழுதும், பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது.

வேறு ஏதோ பார்ட்டிஷனை அழித்து அல்லது சேர்த்து அதனால் எண் மாறிப்போய் இதே வரி வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு லினக்ஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்தத் திரையிலேயே எல்எஸ் என்று தட்டினால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும், பூட் ஃபோல்டருக்குள் கிரப் எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ப்ரிஃபிக்ஸ், ரூட் இரண்டையும் அதற்கு மாற்றி, நார்மல் மாட்யூலை ஏற்றி, நார்மல் என்று தட்டினால் பழைய மெனு வரும். உள்ளே போனதும் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

சென்னிமலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: கம்ப்யூட்டர் ஒரு மாதமாகவே ஆமை வேகம். போன வாரம் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிட்டது. டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் செக் டிஸ்க் போட்டுவிட்டான், இரண்டு ராத்திரியாக ஓடுகிறது, இன்னும் முடியவில்லை. என் பேத்திக்கு அவளுடைய அப்புச்சியை (அம்மாவின் அப்பாவை) தெரியாது, அவர் போய்விட்டார். அவர் மடியில் அவள் இருக்கும் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன.

ஐயா, இதைப் படிக்கும்போது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இதழில் நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த ஒரு பதில்தான். பல வருஷம் முன்பு சொந்தக்காரர் ஒருவரின் டிஸ்க்குக்கு இதே வேலையை நானும் செய்தேன், காலையில் பார்த்தபோது அவர்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் பெரும்பகுதி போயிருந்தது. அந்த முகங்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

செக் டிஸ்க் என்பது நல்ல டிஸ்க்கில் குழம்பிப்போன கணக்கைச் சரிசெய்ய வந்தது. டிஸ்க்கே தேய்ந்து கொண்டிருக்கும்போது அதை ஓட்டினால், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து டிஸ்க்கை இன்னும் களைப்பாக்கும், கணக்கு ஒத்துவராத கோப்புகளை வெட்டியும் விடும். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது, படிக்கும் தலை அதற்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. டக் டக் சத்தம் என்றால் அந்தத் தலை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறது. சத்தம் தொடர்ந்து வந்தால் இனி அதை ஆன்கூடச் செய்யாதீர்கள். டிஸ்க்கைத் திறந்து சரிசெய்ய தூசி இல்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரிகவரி ஆட்களிடம்தான் அது போக வேண்டும். செலவு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் படங்களுக்கு அது தகும் என்று எனக்குப் படுகிறது. டேபிளில் வைத்து மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்றோ, ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம் என்றோ யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

சத்தம் எப்போதாவதுதான், பயாஸில் டிஸ்க்கின் பெயர் ஒழுங்காகத் தெரிகிறது என்றால் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை முயலலாம். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கை முழுதாக வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து கடைசியில் வந்து பார்க்கும், அந்தக் குறிப்புக் கோப்பை (மேப்ஃபைல்) அழியாத இடத்தில் சேமிக்கும்படி கட்டளையில் சொல்லியிருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகல் எடுக்கும் டிஸ்க் பழையதை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. கட்டளையில் எது மூலம், எது நகல் என்பதை மாற்றிப் போட்டுவிட்டால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் படங்களின் மேல் எழுதிவிடும், அதனால் செய்கிறவரை அவசரப்படுத்தாதீர்கள். செக் டிஸ்க்கோ வேறு எந்த ரிப்பேரோ அந்த நகலில் செய்துகொள்ளட்டும்.

மற்ற வாசகர்களுக்கு: கம்ப்யூட்டர் காரணமில்லாமல் மெதுவானால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கின் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. சுழியாக இல்லாமல் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே காப்பி எடுங்கள். சி7 மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிள்தான்.

கரூரிலிருந்து: ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் ஏற்றும் திரையில் ஷிஃப்ட் எஃப்10 அடித்து டிஸ்க்பார்ட்டில் ஒரு டிஸ்க்கை க்ளீன் கொடுத்தேன், எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். கணக்கு, டிசைன் எல்லாம் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் இப்போது காலி என்று காட்டுகிறது. முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை.

முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேறு யாராவது அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்றி நிஜமாகவே எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். நீங்கள் கொடுத்தது க்ளீன் மட்டும்தானே? அதோடு ஆல் சேர்த்திருந்தால் டிஸ்க் முழுக்கச் சுழியை எழுதியிருக்கும், அது திரும்பாது. வெறும் க்ளீன் பத்திரத்தைத்தான் கிழிக்கிறது, ஜிபிடியாக இருந்தால் அந்தக் கடைக்கோடி நகலையும் சேர்த்து. ஆனால் வரப்புக் கற்கள் நட்டபடியே இருக்கின்றன. ஒவ்வொரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனும் தன் ஆரம்பத்தில் தன் அளவைத் தானே எழுதி வைத்திருக்கும், அதன் நகல் முடிவிலும் இருக்கும்.

அந்தக் கற்களைத் தேடிப் பத்திரத்தைத் திரும்ப எழுதத்தான் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் இருக்கிறது, இலவசம். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க்கில் அந்த டிஸ்க்கை எடுத்து, அனலைஸ், பிறகு குவிக் சர்ச் கொடுங்கள். பழைய பார்ட்டிஷன் பட்டியலில் வந்ததும் அதன் மேல் நின்று பி எழுத்தைத் தட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகள் தெரியும். உங்கள் ஃபோல்டர் பெயர்களைக் கண்ணால் பார்த்துவிட்டீர்களா, அங்கிருந்தே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். பட்டியலில் வரவில்லை என்றால் டீப்பர் சர்ச், அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். காப்பி கைக்கு வந்தபிறகுதான் ரைட் (பத்திரத்தை டிஸ்க்கில் திரும்ப எழுதும் கட்டளை) கொடுக்க வேண்டும். பார்ட்டிஷனே கிடைக்காத நிலையில் அதோடு வரும் ஃபோட்டோரெக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். கணக்குக் கோப்புகளை அப்படிப் பொறுக்கி வரிசைப்படுத்துவது பெரிய பாடு.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். எஸ்எஸ்டியை விண்டோஸில் ஃபார்மட் செய்தால் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று ட்ரிம் கட்டளையும் சேர்ந்து போகும், டிஸ்க் அதைத் தானே துடைத்துவிடும், டெஸ்ட்டிஸ்க்குக்குத் தேட எதுவும் மிஞ்சாது.

பொள்ளாச்சியிலிருந்து: லேப்டாப் பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றினேன். அதிலிருந்து பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கிறது, நான் அப்படி எதுவும் போட்டதே இல்லை.

புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11ஐ ஆரம்பித்தாலே பல சமயம் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, தானாகப் பூட்டிக்கொள்கிறது. மாற்றிய செட்டிங்கை முதலில் பழையபடி வையுங்கள், அதிலேயே பெரும்பாலும் கேட்பது நின்றுவிடும். நிற்காவிட்டால் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் டிவைஸ் பகுதியில் பாருங்கள், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டத்தில் 48 இலக்கம் இருக்கும். கம்ப்யூட்டரை வாங்கும்போது கடைக்காரரோ மகனோ தங்கள் கணக்கைப் போட்டிருந்தால் கீ அவர்கள் கணக்கில் இருக்கும், அவர்களைக் கேளுங்கள். எங்குமே கீ இல்லை என்றால் அந்த டிஸ்க்கை டெஸ்ட்டிஸ்க்காலும் திறக்க முடியாது, ரிகவரி ஆட்களாலும் முடியாது. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன பயாஸ் வேலையை ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பில் செய்யப் போகிறவர்கள் முதலில் இந்தக் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.